மூன்று வள்ளமும் ஒரு காற்றும்

உயர்தர மாணவர்களுக்குச் செவ்வன் பரம்பல் படிப்பித்துச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் பாடத்தை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோன போதெல்லாம் அடிதான்.

பேசாலையில் காலை பஸ் வரும் நேரத்தைக் கொஞ்சக்காலம் கொப்பியில் குறித்து வைத்தேன். இடை 6.40, நியம விலகல் ஐந்து நிமிடம். கணக்கன் அல்லவா, சரியாக 6.40க்குப் போய் நின்றேன். மணி வளையி இடையின் இரு பக்கமும் சமன்; ஆகவே பாதி நாள் பஸ் எனக்கு முந்தியே போயிருந்தது. 6.30க்கு நின்றால் நாற்பத்துச் சொச்ச நாளில் ஒரு நாள்தான் தவறும் என்கிறது அட்டவணை. மனைவி அட்டவணை பாராமலே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நண்டு. சராசரி 200 கிராம், விலகல் 40. பதினாறு பேருக்குப் பதினாறு நண்டு, 3.2 கிலோ வரும் என்றேன். தராசும் கிட்டத்தட்ட அதையே காட்டியது. பதினாறின் இடைக்கு விலகல் பத்துக் கிராம்தான். ஆனால் கோப்பையில் விழுவது இடையல்ல, ஒரு நண்டு. ஆகச் சின்னது அத்தானின் கோப்பையில் விழுந்தது. அதன்பின் அவர் என்னோடு கதைத்தது குறைவு.

எங்கள் மன்னார்க் கரைக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. முத்துக்குளிப்பை மேற்பார்க்கத் தேசாதிபதி பிரடெரிக் நோத் அரிப்பில் மாளிகை எழுப்பியது 1801க்குப் பிறகு. லாப்பிளாஸ் பாரிசில் மத்திய எல்லைத் தேற்றத்தைச் சொன்னது 1810இல். அந்தத் தேற்றம் செய்கிற வேலையைத்தான் முத்துப் பாரிலும் செய்தார்கள். குளிப்பை அறிவிக்குமுன் பாரிலிருந்து ஆயிரக்கணக்கில் சிப்பி எடுத்து, அழுகவிட்டு, கழுவி, முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்துத் தரம் பிரிப்பார்கள். வியாபாரிகள் மதிப்பிடுவார்கள். ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபா என்று ஒரு விலை வரும். மாதிரி இடை என்று நான் கரும்பலகையில் எழுதுவது அதைத்தான்.

ஒற்றைச் சிப்பியின் விலைக்கு மணி வடிவமெல்லாம் கிடையாது. பெரும்பாலானதில் ஒன்றுமே இராது. எப்போதாவது ஒன்றில் ஒருவன் தலையெழுத்தையே மாற்றுகிற முத்து இருக்கும். அப்படிப்பட்ட சிப்பிகளையே ஆயிரம் ஆயிரமாகச் சேர்த்து இடை எடுத்தால், அந்த இடைகள் மெல்ல மெல்ல மணி வளையிக்குள் அடங்கும். ஏலத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்த பெரிய வியாபாரி இடையை நம்பலாம். குளியாளிகளிடம் கைநிறையச் சிப்பி வாங்கினவன் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பினான்.

பெரியவர்களும் சறுக்கினார்கள் என்பதில் எனக்கொரு அற்ப சந்தோஷம். 1905இல் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி ஏறியது. மறு வருடமே ஒரு கம்பனி, வருடத்துக்கு 3,10,000 ரூபா என்று இருபது வருடக் குத்தகை எடுத்தது. 1892 முதல் 1902 வரை குளிப்பே நடக்கவில்லை என்பது அப்போதே எல்லாருக்கும் தெரிந்த கதை. 1906இலும் 1907இலும் குளித்தார்கள். பிறகு எடுக்கப் பாரில் சிப்பி இல்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னே கம்பனியின் கதை முடிந்தது. ஒரு பாரின் சிப்பிகள் சேர்ந்தே வளர்ந்து, நீரோட்டம் மணலை வாரிக் கொட்டினால் சேர்ந்தே சாகிறவை. எட்டுக் கோடிச் சிப்பியும் ஒரு வருடத்தின் ஒரேயொரு அவதானிப்புத்தான். அவதானிப்புகள் ஒன்றையொன்று சாராதிருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பாடப்புத்தகம் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். மாணவர்களிடம் நானும் அதை வேகமாகக் கடந்துவிடுவேன்.

கடந்ததன் பலன் எனக்கே வந்தது. சேமிப்பைத் தாழ்வுபாட்டில் மூன்று வள்ளத்தில் பங்காகப் போட்டேன். ஒன்று பிழைத்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டும், இடையின் விலகல் மூன்றின் வர்க்கமூலத்தால் குறையும் என்று மனைவிக்கு விரலால் மேசையில் எழுதிக் காட்டினேன். சோழகம் எழும்பித் தென்கடல் கொந்தளித்தது. மூன்று வள்ளமும் அருகருகே மணலில் கிடந்தன. வலை பொத்திக்கொண்டிருந்த சம்மாட்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மூண்டும் ஒரே காத்தைத்தானே சேர் பாக்குது. ஒண்டை உங்கட ஊர் வடகடல்ல விட்டிருக்கலாமே."

என் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற கடல் அது. அன்றைக்கு அங்கே வள்ளங்கள் தொழிலுக்குப் போயிருந்தன. இப்போது பேசாலைக் கரையில் ஒரு பங்கு தேடுகிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மனைவி காதில் மட்டும் போட வேண்டாம்.