கறுப்புப் பிறையும் உடுக்கையும்

கேள்வி: வயிற்றுவலி என்று போன என் மாமனாரை நிற்க வைத்து, மார்பைப் படம் பிடித்தார்கள். வயிறு எங்கே இருக்கிறதென்று டாக்டருக்குத் தெரியாதா?

பதில்: நன்றாகத் தெரிந்திருப்பதனால்தான் மார்பைப் பிடித்தார். கட்டியோ புண்ணோ இரைப்பையின் அல்லது குடலின் சுவரை அரித்துத் துவாரம் செய்துவிடுமாயின், உள்ளே அடைபட்டுக் கிடந்த வாயு வயிற்றறைக்குள் வெளியேறி, நோயாளி நிமிர்ந்து நிற்கையில் மேலெழுந்து, வலப்புறத்து உதரவிதானத்திற்கும் கல்லீரலுக்கும் நடுவே மெல்லிய கீற்றாகப் போய் ஒதுங்குகிறது. வானத்துப் பிறை வெண்மையானது. இந்தப் பிறையோ கறுப்பு. படுத்த நிலையில் எடுத்த படத்தில் அவ்வாயு பரவிக் கிடந்து கண்ணுக்குத் தப்பிவிடக்கூடும் என்பதாலேயே, வலியில் துடிப்பவரையும் சில நிமிஷங்கள் நிமிர்த்தி வைக்கிறார்கள். அது இரக்கமின்மை அன்று. இப்பிறையைக் கண்டபின் ஆபரேஷனுக்கு நாள் நட்சத்திரம் பார்க்கலாகாது. ஆனால், சமீபத்தில் வயிற்றில் ஆபரேஷன் செய்துகொண்டவரிடம் துவாரமே இல்லாமலும் அது தோன்றலாம். ஆகையால் அந்த விவரத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: படம் எடுக்குமுன் சுண்ணாம்புக் கரைசலைப் போன்ற ஒன்றைக் குடிக்கச் சொல்கிறார்களே, அது மருந்தா?

பதில்: மருந்தன்று, மை. குடலும் சதை, அதைச் சூழ்ந்தவையும் சதையாதலால், எக்ஸ் கதிர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஊடுருவிச் சென்றுவிடுகின்றன; கதிர்களை மறிக்கும் இம்மை உள்ளே இருந்தால்தான் குடலின் வடிவம் படத்தில் விழும். ராண்ட்ஜன் 1895-ல் அக்கதிர்களைக் கண்டறிந்த மறு வருஷமே, ஹார்வர்டில் மருத்துவ மாணவராயிருந்த வால்ட்டர் கானன் பிராணிகளைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கி, பிஸ்மத் உப்பைக் கலந்த இரை அவற்றின் வயிற்றில் இறங்கிச் செல்லும் விதத்தைத் திரையில் கண்டார். பிஸ்மத்தின் இடத்தைப் பிற்பாடு பேரியம் சல்பேட் பிடித்தது. துவாரம் உண்டென்ற சந்தேகம் இருக்குமானால் பேரியத்தைக் கொடுப்பதில்லை. தண்ணீரில் கரையும் அயோடின் திரவத்தையே கொடுப்பார்கள்.

கேள்வி: அத்தையின் குடல் படத்தைப் பார்த்து டாக்டர் "ஆப்பிள்" என்றார். அவள் ஆப்பிளே தின்பதில்லையே?

பதில்: பெருங்குடலைச் சுற்றி வளையமாக வளரும் புற்றுநோய் உட்பாதையை நெரித்துவிடுவதால், இருபுறமும் அகன்று நடுவில் ஒடுங்கி நிற்கும் பேரியத்தின் வடிவம், தின்று எறிந்த ஆப்பிளின் நடுத்தண்டை ஒத்திருக்கிறது. நாம் பெயரிட்டிருந்தால் உடுக்கை என்றே அழைத்திருப்போம். இரைப்பைச் சுவர் முழுவதும் நோய் பரவி விறைத்துப் போனால், அதைத் தோல் குப்பி என்பார்கள். எனினும் பெயர் வேறு, தீர்ப்பு வேறு. நம் தேசத்தில் சிறுகுடலும் பெருங்குடலும் கூடுமிடத்தில் க்ஷயரோகம் வந்து, புற்றுநோயைப் போலவே குடலைச் சுருக்கித் தடிக்கச் செய்வதுண்டு. சதையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்த பிறகே நோயின் பெயரை நம்ப வேண்டும்.

கேள்வி: குடல் குடலையே விழுங்குமா?

பதில்: விழுங்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கட்டி ஏதும் இல்லாமலே நேர்வது; பெரியவர்களுக்கு நேர்ந்தால், முன்னே இழுத்துச் செல்லும் கட்டி ஒன்று இருக்கக்கூடும் என்று தேட வேண்டும். ஸ்கேனில் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும்.

கேள்வி: சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று, இனி எதற்கு வாய் வழியாகக் குழாய்?

பதில்: 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசைப் பெற்றுத் தந்த அக்கருவி, சுவரின் தடிப்பையும், வெளிப்புறமாக வளர்ந்த கட்டியையும், கல்லீரலுக்குப் பரவிய நோயையும் காட்டவல்லது; உட்தோலில் தட்டையாகப் படர்ந்துள்ள இளங்கட்டியோ அதற்கு அகப்படாமல் போகலாம். ஆகவே உட்தோலை நேரில் பார்க்கும் குழாயை மறுக்காதீர்கள். பழைய படங்களைப் பரணில் போடாமல், அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். சென்ற வருஷத்துப் படத்தில் இல்லாத நிழல் இவ்வருஷத்தில் இருக்கிறதா என்பதை அவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.