நாணேற்றலாகாத வில்

அமெரிக்காவில் பழைய மரவில் சேகரிப்போர், எய்வதற்கென்றே செய்யப்பட்ட கருவியை விலை கொடுத்து வாங்கி, அதை யாரும் எய்துவிடாதபடி காப்பதற்கு வாழ்நாள் முழுவதும் பாடுபடும் ஓர் அரிய வகுப்பினர் ஆவர். வில்லில் எய்பவரை நோக்கிய பரப்பை வயிறு என்றும் இலக்கை நோக்கிய பரப்பை முதுகு என்றும் வழங்கும் இவர்கள், கைக்கு வந்த வில்லின் முதுகைத் தடவிப் பார்க்காமல் விலை பேசுவதில்லை. வெளிறிய முதுகும் செம்பழுப்பு வயிறுமாக இரு நிறம் காட்டினால் அது பெரும்பாலும் யூ மரம்: இழுவிசையைத் தாங்கும் வெளிமரம் முதுகிலும், அழுத்தத்தைத் தாங்கும் வைரம் வயிற்றிலும் அமையுமாறு ஒரே கட்டையிலிருந்து செதுக்கப்பட்டது. வெளிமரம் சீவப்பட்டு, ஒரே ஆண்டு வளையம் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் முதுகில் ஓடினால் ஓசேஜ் ஆரஞ்சு மரம் எனலாம். சீரான மஞ்சள் நிற லெமன்வுட் மரம் கியூபாவிலிருந்து வந்தது. 1962-இல் அமெரிக்கா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டதால், நாடுகளின் பகையும் வில்லின் வயதைக் கணிக்க ஓரளவு உதவுகிறது.

விற்பவரின் வாய்மொழி மட்டும் எதற்கும் உதவாது. பழங்குடித் தலைவர் ஒருவருடையது என்று சத்தியம் செய்து கொண்டுவரப்படும் வில்லின் கைப்பிடியருகே, நாணை முழுதாக இழுக்கத் தேவையான விசை 45 பவுண்டு என்று மையால் எழுதப்பட்டிருந்தால், தலைவர் பவுண்டுக் கணக்கிலும் தேர்ந்தவர் என்றே கொள்ள வேண்டும். உண்மையில் அது ஆர்கன்சா மாநிலத்தின் பைன் பிளஃப் நகரில் பென் பியர்சன் நிறுவனம் ஆலையில் செய்து குவித்தவற்றுள் ஒன்றாகவோ, கோடைமுகாம் சிறுவர்களுக்கான ஹிக்கரி வில்லாகவோ இருக்கக்கூடும்.

பிராட்ஹெட் எனப்படும் அகன்ற வேட்டை அம்புமுனையில் பயன்படுத்தாமல் காக்கும் இந்தத் தலைகீழ் நியாயம் இன்னும் முற்றிவிடுகிறது. 1956-இல் வில் தயாரிப்பாளர் பிரெட் பியர் வெளியிட்ட ரேசர்ஹெட் முனையில் செருகி எடுக்கத்தக்க மெல்லிய துணைத்தகடு ஒன்று உண்டு. அது தொலைந்திருந்தால் சேகரிப்பாளரின் முகம் வாடிவிடும். அரத்தால் தீட்டிக் கூராக்கியது தெரிந்தாலோ, ஆலையில் அமைந்த விளிம்பு போயிற்றே என்று அவர் துக்கம் கொண்டாடுவார். ஒரு மானையும் கண்டறியாத முனைக்கே அவரிடம் உயர்ந்த மதிப்பு.

பரணில் பழைய மரவில் கிடைத்தவர்கள் ஆர்வத்தை அடக்கி, அதைச் சுவரில் இரண்டு முளைகளின்மீது கிடையாக வைப்பதே நலம். பல்லாண்டு உலர்ந்த மரத்தை எடுத்த அன்றே நாணேற்றி இழுத்தால் வில் முறிந்து இரண்டாகிவிடக்கூடும்; எண்ணிக்கை கூடியதென்று எந்தச் சேகரிப்பாளரும் அதை வாங்கமாட்டார்.