ஒரு சொல்லுக்கு ஒரு தெரு

கடினமான இங்கிலீஷ் சொல் ஒன்று எதிர்ப்பட்டால் போனில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மேலே போய்விடுகிற இன்றைய பிள்ளைகளிடம், ஒரே ஒரு பெயரடைக்காக ஒரு தெருவே அரைநாள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் நீங்கள் ஐம்பதைத் தாண்டியவராக இருந்தால் சிரிக்க மாட்டீர்கள். உங்கள் தெருவிலும் அப்படி ஒரு சொல் வந்து இறங்கியிருக்கும்.

எங்கள் தெருவில் இறங்கியது 'யுபிக்விட்டஸ்'. எழுபதுகளின் நடுவில், மத்தியானத்துக்கு மேல்தான் ஊர் வந்து சேரும் இங்கிலீஷ் பேப்பரை, கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற எதிர்வீட்டுத் தாத்தா தலையங்கம் முதல் வரி விளம்பரம்வரை படித்துத் தீர்த்து, மடிப்புக் கலையாமல் திண்ணையில் வைத்த பிறகுதான் எங்களுக்கு அதைத் தொடும் உரிமை வரும். அப்படித் தொட்ட ஒரு நாளில் அந்தச் சொல் தலையங்கத்தின் நடுவே உட்கார்ந்திருந்தது. அதை எப்படி உச்சரிப்பது என்பதிலேயே கட்சி பிரிந்தது. தமிழ் வாத்தியார் வீட்டு அண்ணன் ஒரு மாதிரி சொன்னார், தபால் ஆபீஸ் மாமா இன்னொரு மாதிரி சொன்னார். தீர்ப்புச் சொல்ல வெள்ளைக்காரர் யாரும் ஊரில் இல்லாததால் இரண்டு கட்சியும் கடைசிவரை தோற்காமலே வாழ்ந்தன.

பொருளுக்கு லிப்கோ அகராதி இருந்தது. எங்கள் வீட்டுப் பிரதியில் 'ஏ'யில் பாதியும் 'இசட்' முழுவதும் கழன்று போயிருந்தன. 'யு' நல்லவேளையாகப் பிழைத்திருந்தது. எங்கும் இருக்கிற என்று பொருள் கிடைத்ததும், அப்படியானால் இது சாமி சமாச்சாரம் என்று எல்லாருமாக முடிவு கட்டி எழுந்திருக்கும்போதுதான் தாத்தா வாயைத் திறந்தார். "அர்த்தம் அகராதியிலே இருக்கும்டா, எங்கே போடணுங்கிறது இருக்காது. சாமிக்கு ஆம்னிபிரசன்ட், கொசுவுக்கு யுபிக்விட்டஸ்." போகிற இடமெல்லாம் கண்ணில் படுவது, பட்டுப் பட்டுக் கொஞ்சம் அலுத்துப் போனது, அந்த அலுப்பைக் கோபமில்லாமல் கேலியாகச் சொல்வது: அந்த ஒரு வாக்கியத்தில் மூன்றும் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டில் லூதரின் சீடர்கள் கிறிஸ்துவின் திருமேனி எங்கும் இருக்கிறது என்று வாதாடியபோது இந்தச் சொல்லின் குடும்பம் சர்ச்சுக்குள்ளேதான் இருந்தது என்பதும், பிறகுதான் அது தெருவுக்கு இறங்கி வந்தது என்பதும், தாத்தா காலமாகிப் பல வருஷம் கழித்து எனக்குத் தெரியவந்த விஷயம். தெரிந்திருந்தாலும் அவர் தீர்ப்பை மாற்றியிருக்க மாட்டார்.

சொல் கைக்கு வந்ததும் நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! காக்கை யுபிக்விட்டஸ், சினிமா போஸ்டர் யுபிக்விட்டஸ், ஊர்ச் சுவரெல்லாம் தலைகீழாக நின்ற குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் யுபிக்விட்டஸ். மதராஸில் வேலையிலிருந்த சித்தப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் என் யுபிக்விட்டஸ் பணமுடையைப் பற்றிக் குறிப்பிட்டதற்கு, பணம் வரவில்லை. இவ்வளவு இங்கிலீஷ் தெரிந்த பையனுக்குப் பணம் எதற்கு என்று ஒரு கார்டு வந்தது.

அதே மயக்கத்தில்தான் மூர் மார்க்கெட்டில் நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி'யைப் பழைய புத்தகமாக வாங்கினேன். 1949இல் வெளியான அந்தப் புத்தகம் அப்போது மீசை முளைத்த பையன்கள் எல்லாரிடமும் இருந்தது. எனக்கு முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் விடை எழுதியிருந்தார், மனிதர்களின் சுபாவம் பற்றிய அத்தியாயம்வரை. அடுத்ததான டாக்டர்கள் அத்தியாயத்தில் பென்சில் நின்றுபோயிருந்தது. நானும் அங்கேதான் நின்றேன். எங்கள் தலைமுறையில் பாதிப்பேருக்கு மனிதகுலத்தை வெறுப்பவன், பெண்களை வெறுப்பவன், கல்யாணத்தை வெறுப்பவன் ஆகியோருக்கான இங்கிலீஷ் தெரியும், பிள்ளை வைத்தியருக்குத் தெரியாது என்றால் காரணம் இதுதான். மூர் மார்க்கெட்டும் 1985இல் எரிந்து போயிற்று.

இதற்கிடையில், 1988 வாக்கில், அமெரிக்காவில் ஜெராக்ஸ் கம்பெனியின் பாலோ ஆல்ட்டோ ஆராய்ச்சி மையத்தில் மார்க் வைசர் என்ற விஞ்ஞானி, கம்ப்யூட்டர்கள் ஒருநாள் அன்றாட வாழ்க்கைக்குள் கரைந்து எங்கும் இருக்கும் என்று சொல்லி, வரப்போகும் அந்தக் காலத்துக்கு எங்கள் தெருவின் சொல்லையே எடுத்து 'யுபிக்விட்டஸ் கம்ப்யூட்டிங்' என்று பெயர் வைத்துவிட்டார். சொன்னது பலித்துவிட்டது. என் பேத்தி படுத்தபடியே அந்தச் சொல்லைத் தட்டுகிறாள். ஒரு பெண் குரல் அமெரிக்க உச்சரிப்பில் சொல்கிறது, கேட்டால் பிரிட்டிஷ் உச்சரிப்பிலும் சொல்கிறது, பத்து உதாரண வாக்கியங்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. நாங்கள் அரைநாள் அடித்துக்கொண்ட வழக்கு அரை நிமிஷத்தில் பைசல். சந்தேகமில்லாமல் இது முன்னேற்றம்தான்; எதிர்வீட்டுத் தாத்தா வாய்க்காத பிள்ளைகளுக்கும் இப்போது உதாரண வாக்கியம் கிடைக்கிறது, வயிற்றெரிச்சல் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் கேட்டேன். "எந்த வேர்ட் தாத்தா?" என்றாள். எனக்கும் போன் தினம் காலையில் ஒரு புதுச் சொல் அனுப்புகிறது. நேற்று வந்ததைக் கேட்காதீர்கள்.

பொருள் இலவசமாகிவிட்டது, அதைக் கொண்டுபோய்க் காட்டத் திண்ணை இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை ஒரு சொல்லைத் தட்டிப் பார்த்தால், அன்று இரவுக்குள் அதை வைத்து வீட்டில் யாரையாவது ஒருமுறை கேலி செய்துவிடுங்கள். நீங்கள் மறந்தாலும் அவர்கள் மறக்க மாட்டார்கள்.