சிசி சார்

ஓஎம்ஆரில் எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் இவர் ஒருத்தர் இருப்பார். மேனேஜரை சிசி-யில் போடாமல் 'குட் மார்னிங்' கூட அனுப்ப மாட்டார். அதனால் டீமில் வைத்த பட்டம், சிசி சார்.

பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்து, "மச்சி, அந்த ஃபைல் முடிஞ்சுதா?" என்று கேட்டால் தீர்ந்தது. கேட்பாரா? 'ஜென்டில் ரிமைண்டர்' என்று மெயில் போடுவார். அதில் ஜென்டில் இருக்காது, மேனேஜர் இருப்பார்.

சாயங்காலம் ஏழு மணிக்கே எழுதிய மெயிலை ராத்திரி 11.42-க்குப் போகும்படி ஷெட்யூல் பண்ணிவிட்டு, வீட்டில் தோசைக்குச் சட்னி பத்தவில்லை என்று முனகிக்கொண்டிருப்பார். 11.30 என்று வைத்தால் முழுசாக இருக்கிறதாம், சந்தேகம் வருமாம். 11.42-இல்தான் உழைப்பு தெரியுமாம்.

போன மாசம் குலதெய்வக் கோயிலில் இவர் பிள்ளைக்குக் காதுகுத்து. மாமன் மடியில் குழந்தை, ஆசாரி கையில் ஊசி. சிசி சார் வேப்பமரத்தடியில் லேப்டாப்பும் ஹாட்ஸ்பாட்டுமாக ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில். "பிளாக்கர்ஸ் ஏதாவது?" என்று லீட் கேட்க, பிள்ளை வீலென்று அலறியது. "நோ பிளாக்கர்ஸ்" என்றார் தகப்பனார். அப்ரைசல் படிவத்தில் அது 'விடுப்பிலும் அர்ப்பணிப்பு' என்று ஏறிவிட்டது.

இவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் முதல் ரேட்டிங் என்று பெல் கர்வ் போட்டுவிட்டால், பக்கத்து சீட்டுக்காரர் நன்றாக வேலை செய்வதே நமக்கு நஷ்டம்தானே! ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று கூறு போட்டு, கடைசி 10 சதவீதத்துக்கு வாசலைக் காட்டினார். இந்த மாதிரித் தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைகழுவிவிட்டது. சிசி சார் இன்னும் விடவில்லை. யார் எத்தனை மணிக்கு காபிக்குப் போனார்கள் என்பதுவரை அவரிடம் கணக்கு இருக்கிறது.

ஒரு சங்கதிதான் அவருக்குத் தெரியாது. அவருடைய மெயில் எல்லாம் நேராக ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி மேனேஜர் அவுட்லுக்கில் ரூல் போட்டு வைத்திருக்கிறார். அந்த ஃபோல்டரை அவர் திறப்பதில்லை. இது டீமில் மற்ற எல்லோருக்கும் தெரியும். அப்ரைசல் முடியட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறார்கள்.