பேய்க்குப் பிழை பிடிக்கிறவர்

"உது பேயே இல்லையடா" என்று தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் பெரியப்பா கதிரையில் சாய்வார். படத்தில் அப்போது எழுத்தோட்டம்கூட முடிந்திருக்காது.

உங்கள் வீட்டில் அவர் மாமாவாக இருக்கலாம், முன்வீட்டு மாஸ்ரராக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஒழுங்கைக்கு ஒருவர் கட்டாயம் உண்டு. அழுகைப் படத்துக்கும் அடிபாட்டுப் படத்துக்கும் வாயே திறக்கமாட்டார். பேய்ப்படம் என்றால் மட்டும் பரிசோதகர் உத்தியோகம் பார்ப்பார். பேய் எந்த மரத்தில் குடியிருக்கிறது, எத்தனை மணிக்கு இறங்கியது, யார் வீட்டுக்குப் போனது எல்லாம் அவருக்குக் கணக்குக் காட்டவேண்டும்.

"முனியெண்டால் ஆலிலை இருக்கும், இல்லாட்டிப் புளியிலை இருக்கும். உச்சிப்பொழுதுக்கு வரும், இல்லாட்டி நடுச்சாமத்துக்கு வரும். உது என்ன ஆறரைக்கு வருது? கந்தோர் முடிஞ்சு வருதோ?"

கொத்திப்பேய்க்குப் பிள்ளை பெத்த வீட்டுப் பக்கம்தான் வேலை. அது அடுக்குமாடிக்குப் போகக்கூடாது. சுடலை தாண்டும்போது முனி பின்னால் ஏறினால் சைக்கிள் பாரமாகவேண்டும். கதாநாயகன் காரில் போனால், "காரிலை ஏறினால் பாரம் தெரியுமோ? இவங்கள் என்னத்தைக் கண்டாங்கள்!" என்பார். முன்பெல்லாம் இந்த இடத்தில் தான் செம்மணி வெளியால் தனியாகச் சைக்கிளில் வந்த கதையைத் தொடங்குவார். 1999இல் அங்கே தோண்டிப் பதினைந்து எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்வதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

2012இல் வந்த கார்த்திக் சுப்பராஜின் 'பீட்சா'வைச் செலவு குறைந்த பேய்ப்படத்துக்கு உதாரணமாக ஊரே கொண்டாடியது. பெரியப்பா கொண்டாடவில்லை. விஜய் சேதுபதி இரவில் பீட்சாப் பெட்டியோடு பங்களாவுக்குள் நுழைகிறார். எங்களுக்கு நெஞ்சு இடிக்கிறது. பெரியப்பா எழுந்தே நின்றுவிட்டார். "சாமத்திலை சாப்பாட்டுச் சாமான் கொண்டு போறவன் ஒரு கரித்துண்டு வைச்சுக் கொண்டு போகவேண்டாமோ? பேய் வராமல் என்ன செய்யும்? உது அவன்ர பிழை, பேயிலை ஒரு பிழையும் இல்லை." இரவில் இறைச்சியோ பலகாரமோ கொண்டுபோனால் மேலே கரித்துண்டு வைத்துவிடுகிற ஊரில் இதற்கு யார் மறுமொழி சொல்வது?

தொலைக்காட்சித் தொடருக்குள் ஆவி புகுந்த 'யாவரும் நலம்' படத்துக்கும் இதே கதிதான். "1990இலை எங்களுக்குக் கரண்ட் போச்சு. உந்தப் பேய் அப்ப இஞ்சை வந்திருந்தால் பட்டினி கிடந்தெல்லோ செத்திருக்கும்!" இதற்கு நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரித்தால் அவருக்கு இன்னும் ஏறும்.

ஆனால் அவருடைய திறமை முழுதாக வெளிப்பட்டது '6 அத்தியாயம்' பார்த்த இரவில்தான். 2018இல் வந்த சின்னப் படம். ஆறு கதை, ஆறு இயக்குநர்கள். அதில் ஒருவரான கேபிள் சங்கர் சினிமா விமர்சனம் எழுதிப் பேர் எடுத்தவர். விமர்சகரே படம் எடுத்தும் பெரியப்பாவிடம் தப்பமுடியவில்லை. அந்தப் படத்தில் ஒரு புதுமை: ஒவ்வொரு கதையையும் உச்சத்தில் நிறுத்திவிட்டு, ஆறுக்கும் உரிய முடிவுகளைக் கடைசியில்தான் ஒன்றாகக் காட்டுவார்கள்.

முதல் கதை 'சூப்பர் ஹீரோ'. "பேய்ப்படம் எண்டு கூப்பிட்டிட்டு என்னடா இது?" அது முடிகிற இடத்தில் முடியவில்லை. "நெற் கட்டாகுது, பார்." நெற் கட்டாகவில்லை, அடுத்த கதை ஓடுகிறது என்றேன். அதுவும் நடுவில் நின்றது. மூன்றாவதும் நின்றபோது அவரே போய் ரவுட்டரை நிற்பாட்டி, நூறுவரை எண்ணி, திரும்பப் போட்டார். படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. "பாத்தியோ, இப்ப சரி." 'சூப் பாய் சுப்பிரமணி'யும் முடியாமல் நின்றதும் பொறுமை போய்விட்டது. "எடுத்தவனுக்கு இடையிலை காசு முடிஞ்சுபோச்சு. அதுதான் முடிவு இல்லை" என்று துலக்கிவிட்டு, கைபேசியைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனார். ரொறன்ரோவில் அப்போது பகல். தங்கச்சிக்குப் படத்தின் தராதரத்தை விளக்கவேண்டாமா? உள்ளே ஆறு முடிவுகளும் வரிசையாக வந்து போயின. கூப்பிட்டேன். "பொறு, கதைக்கிறன்" என்றார்.

காசில்லாமல் படம் எடுக்கிறவன்மேல் அவருக்கு ஏன் இந்தக் காய்ச்சல் என்று எனக்கு விளங்குவதேயில்லை. "ஒரு வெள்ளைச் சீலை, ஒரு பவுடர் ரின், பேய் முடிஞ்சுது" என்று செலவைக் கணக்குப் போடுவார். எங்கள் பக்கத்துப் பெடியள் கடன்பட்டு, கமராவை வாடகைக்கு எடுத்துக் குறும்படம் எடுக்கிறார்கள். அதற்கும் முன்வரிசையில் இருந்துகொண்டு "லைற் காணாது" என்று உரத்துச் சொல்வார். ஒருநாள்கூட ரிக்கெற் காசு கொடுத்து நான் காணவில்லை. தனக்குப் பயம் வரவில்லையென்றால் போகட்டும், பக்கத்தில் இருக்கிறவனைப் பயப்பட விடலாமே. பெட்டைகள் கண்ணைப் பொத்திக்கொண்டு ஆசையாகப் பயப்படுகிற நேரம் பார்த்து, "அது நூலிலை கட்டி இழுக்கிறது பிள்ளை" என்பது என்ன நியாயம்?

2011 ஆவணியில் கிறீஸ் பூதம் வந்த நாட்களில் ஆள் வேறு. உடம்பெல்லாம் கிறீஸ் பூசினவர்கள் பெண்கள் இருக்கிற வீடுகளுக்குள் பாய்கிறார்கள் என்று ஊரெல்லாம் பதைப்பு. நாவாந்துறையில் பூதத்தைத் துரத்திய சனத்தைத்தான் இராணுவம் அடித்துப் பிடித்துக்கொண்டு போனது. அந்தப் பூதம் எந்த மரத்தில் இருக்கும், எத்தனை மணிக்கு இறங்கும் என்று பெரியப்பா ஒரு கேள்வி கேட்கவில்லை. ரோச் லைற்றும் ஒரு கொட்டனும் எடுத்துக்கொண்டு ஒழுங்கை முடக்கில் விடியும்வரை இருந்தார். ஆம்பிளை இல்லாத வீடுகளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நான் இஞ்சைதான் இருக்கிறன், படுங்கோ" என்பார். அந்தப் பெரியப்பாவுக்காக இந்தப் பெரியப்பாவை எவ்வளவோ பொறுக்கலாம்.

ஆனாலும் '6 அத்தியாயம்' பார்த்த மறுநாள், பத்துப் பேருக்குச் சொல்லியாவது அதன் பெயரைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ரொறன்ரோ மாமி எடுத்துவிட்டார். "தம்பி, ஆறு கதைப் படமாம் ஒண்டு, கேள்விப்பட்டனியோ? நேரத்தை மினக்கெடுத்தாதை. ஒண்டுக்கும் முடிவில்லையாம். லண்டனிலை சின்னம்மா ஆக்களுக்கும் சொல்லிப்போட்டன்."