கப்பலா, சாப்பாட்டுத் தட்டா? – விழிஞ்ஞம் கரையிலிருந்து கேள்வி-பதில்

இலக்கிய மாணவர்களின் கேள்விகள் இந்த முறை மூட்டையாக வந்துவிட்டன. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறையை ஒட்டிய தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து பதில் எழுதினேன். தாளில் மீன் வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்ளவும்.

கே: உவமைக்கும் உருவகத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வரியில் சொல்ல முடியுமா? (இளங்கலை மாணவி, நாகர்கோவில்)

ப: ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நம்பாதீர்கள். ‘கயல்விழி’யில் ‘போல’ எங்கே இருக்கிறது? ஆனாலும் அது உவமைத்தொகைதான்: கயல் போன்ற விழி. அதையே திருப்பிப் போட்டு ‘விழிக்கயல்’ என்று சொல்லுங்கள், உருவகம் ஆகிவிடும். முதலாவதில் விழியின் பக்கத்தில் மீன் நிற்கிறது. இரண்டாவதில் விழியே மீனாகி நீந்தப் போய்விட்டது. கேட்ட ஒரு வரி இதுதான்: உவமை பக்கத்தில் நிறுத்தும், உருவகம் ஒன்றாக்கிவிடும்.

ஊர்ப் பெயரிலேயே ‘விழி’ இருந்தும் இங்கே கயல் கிடைப்பதில்லை, அது நன்னீர் மீன். கூடை கூடையாக வந்து இறங்குவது சாளையும் அயலையும். ஒரு கவிஞராவது ‘சாளைவிழியாள்’ என்று பாடாதது இந்தக் கரைக்கு இழைக்கப்பட்ட அநீதி.

கே: எங்கள் பேராசிரியர் என் விடைத்தாளைத் திருப்பித் தந்து, “இதைப் படித்துத்தான் பல புதிய செய்திகளைத் தெரிந்துகொண்டேன்” என்றார். மகிழலாமா? (முதலாண்டு மாணவர், மார்த்தாண்டம்)

ப: வேண்டாம். புகழ்வதுபோல இகழ்ந்திருக்கிறார், அதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், உன் ஆயுதங்கள் நெய் பூசி, மாலை சூட்டி எவ்வளவு அழகாக இருக்கின்றன, அவனுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்ற கருத்தில் பாடினார் (புறநானூறு 95). தொண்டைமானுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றிருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் அணி புரிந்துவிட்டது என்று பொருள்.

கே: சிலேடை என்றால் இரண்டு பொருள். அப்படியானால் பொருள் குழம்பும் எல்லா வரியும் சிலேடையா? (முதுகலை மாணவர், திருநெல்வேலி)

ப: நல்ல கேள்வி. விடையை இந்த ஊருக்குப் பக்கத்திலேயே காட்டுகிறேன்.

முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் அவன் காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்த’ பெருமையை ஓயாமல் சொல்கின்றன. அந்தச் சாலை இருந்த இடம் இன்றைய திருவனந்தபுரத்து வலியசாலை என்பது பலரின் கருத்து. கலம் என்றால் கப்பல், ஆகவே அது கடற்படையை அழித்த வெற்றி என்றார்கள் சிலர். கலம் என்றால் உண்கலம், சாலை என்ற கல்விக்கூடத்தில் படித்தவர்களுக்கு நடந்துவந்த சாப்பாட்டு ஏற்பாட்டை அரசன் மாற்றியமைத்தான் என்றார்கள் வேறு சிலர். கப்பலா, சாப்பாட்டுத் தட்டா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.

இது சிலேடை அல்ல. எழுதியவன் மனத்தில் ஒரு பொருள்தான் இருந்தது. அது எது என்பதை நாம் தொலைத்துவிட்டோம், அவ்வளவுதான். சிலேடையில் இரண்டு பொருளையும் எழுதியவனே கட்டுவான், இரண்டும் சேதமில்லாமல் நிற்கும். பழந்தமிழில் ‘வேலை’ என்றால் கடல். “விழிஞ்ஞத்துக்காரருக்கு வேலைதான் சோறு போடுகிறது” என்று நான் எழுதினால் அது சிலேடை. எப்படிப் படித்தாலும் உண்மை.

கே: விழிஞ்ஞத்தில் உட்கார்ந்து எழுதுகிறீர்களே, அந்த ஊருக்கும் தமிழ் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்? (ஆய்வு மாணவி, மதுரை)

ப: மதுரைக்காரர் கேட்கக்கூடாத கேள்வி! உங்கள் ஊர்ப் பாண்டியர்கள் ஆய் மன்னர்களின் இந்தத் துறைமுகத்தின்மேல் ஒரு கண்ணாகவே இருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டுப் பாண்டியன் நெடுமாறனைப் பாடும் பாண்டிக்கோவையில் அவன் வென்ற களங்களில் ஒன்றாக ‘விழிஞம்’ வருகிறது. பிறகு குலோத்துங்கச் சோழன் விழிஞம் அழித்ததைச் சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணி பாடியது.

கோவையைச் சொன்னதால் தேர்வில் தவறாமல் வரும் ஒரு கேள்வியையும் முடித்துவிடுவோம். கோவை காதல் நூல். காதலிப்பவனுக்குக் கிளவித்தலைவன் என்று பெயர். ஆனால் அவனுக்குச் சொந்தப் பெயர் கிடையாது, அகப்பாட்டில் காதலர் பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. அப்படியானால் அரசனை எங்கே வைப்பது? “விழிஞத்தில் பகைவரை வென்றவனுடைய நாட்டில் வாழும் பெண்ணே” என்கிற மாதிரி ஓர் அடைமொழிக்குள் வைப்பார்கள். அவன் பாட்டுடைத்தலைவன். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரை விட்டுவிட்டு மண்டப உரிமையாளர் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டதுபோல இருக்கும். பாட்டுக்குப் பணம் கொடுப்பவன் அரசன்தானே.

பாண்டிக்கோவை தனி நூலாக முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இறையனார் களவியல் உரையில் எடுத்துக்காட்டாக வந்த பாடல்களே பெரும்பாலும் அதைக் காப்பாற்றின. எடுத்துக்காட்டை விட்டுவிட்டு இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவும்.

கே: நான் மலையாளம் படிப்பவன். எதுகையும் மோனையும் உங்களுக்கு மட்டும்தான் சொந்தமா? (மாணவர், திருவனந்தபுரம்)

ப: இல்லை, கூட்டுக் குடும்பச் சொத்து. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உங்கள் லீலாதிலகம், ‘பாட்டு’ என்றால் எதுகையும் மோனையும் இருக்க வேண்டும் என்று இலக்கணமே வகுக்கிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள கோவளத்தில் வாழ்ந்த அய்யிப்பிள்ளை ஆசானின் ராமகதைப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டால், தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லத் திணறுவீர்கள்.

முதலெழுத்து ஒத்துவந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒத்துவந்தால் எதுகை. விழி, வழி, கழி எல்லாம் எதுகை. ‘வாழி’யைச் சேர்க்காதீர்கள், எதுகைக்கு முதலெழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்.

கே: தற்குறிப்பேற்ற அணியை மறக்காமலிருக்க ஒரு வழி? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, களியக்காவிளை)

ப: இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்வது. துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் அலை மோதுகிறது, அது இயல்பு. ‘என்னை ஏன் மறித்தாய் என்று கடல் கல்லில் தலையை முட்டிக்கொள்கிறது’ என்றால் தற்குறிப்பேற்றம். 2022-இல் இந்தக் கரை மீனவர்கள் துறைமுக வேலையை நிறுத்தச் சொல்லி நூறு நாளுக்கும் மேல் போராடினார்கள். அது அணி அல்ல, செய்தி.

கே: ஆகுபெயர்? (அதே மாணவி)

ப: 2024 ஜூலையில் ‘சான் பெர்னாண்டோ’ என்ற பெரிய சரக்குக் கப்பல் வந்தபோது ‘விழிஞ்ஞம் வரவேற்றது’ என்றார்கள். ஊருக்குக் கையா இருக்கிறது? ஊர்ப் பெயர் ஊராருக்கு ஆகிவந்ததால் இடவாகுபெயர். இதில் ஒரு வசதி உண்டு. ஊர் என்று ஒரு சொல்லில் அடக்கிவிட்டால், ஊருக்குள் மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கண்ணில் படமாட்டார்கள். செய்தித்தாளில் ஆகுபெயரைக் கண்டால் கூடுதல் கவனம் தேவை.

கே: நெய்தலுக்குச் சிறுபொழுது எற்பாடு என்று படித்தேன். மெரினாவில் பலமுறை உட்கார்ந்து பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையே? (மாணவர், சென்னை)

ப: தோன்றாது. எல் என்றால் கதிரவன், பாடு என்றால் சாய்தல். மெரினாவில் கதிரவன் சாய்வது உங்கள் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவில். விழிஞ்ஞத்துக்கு வாருங்கள், கடலிலேயே விழுவதைக் காட்டுகிறேன். கடலும் எற்பாடும் முதற்பொருள். மீனும் படகும் வலையும் கருப்பொருள். இரங்கல் உரிப்பொருள்.

இரங்கல் என்றால் வெறும் சோகம் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். போனவர் வரும் வழியையே பார்த்து நிற்கிறவர்களின் துயரம் அது. 2017 நவம்பர் கடைசியில் ஒகி புயல் அடித்தபோது விழிஞ்ஞம், பூந்துறை முதல் குமரி மாவட்டத் தூத்தூர் வரை பெண்கள் கடலைப் பார்த்தபடி நாள்கணக்கில் நின்றார்கள். அவர்களுக்கு யாரும் உரிப்பொருள் பாடம் நடத்தவில்லை. பாடம் அவர்களிடமிருந்து வந்தது.

கே: இத்தனை பெயர்களை எதற்காகப் படிக்க வேண்டும்? கவிதையை ரசித்தால் போதாதா? (சலித்துப்போன மாணவர், கோயம்புத்தூர்)

ப: பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், கருவி எதுவும் இல்லாத காலத்தில் கடலுக்கடியில் மீன் சேரும் பாறைத்திட்டை, அதாவது பாரை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கண்ணாடித் தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். ஒரு பக்கம் மலையும் கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும், இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் பார் இருக்கும் என்றார். “ஒரு கோட்டை மட்டும் பிடிச்சுப் போனா?” என்றேன். “போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்றார்.

அணியின் பெயர் ஒரு கோடு. அது அந்தப் பாட்டில் என்ன வேலை செய்கிறது என்பது இன்னொரு கோடு. பெயரை மட்டும் பிடித்தவர் தேர்வில் தேறுவார், ரசனையை மட்டும் பிடித்தவர் ‘அருமை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வார். மீன் இருவருக்கும் கிடையாது.

ஆகவே அடுத்த முறை கேள்வி அனுப்புகிறவர்கள், நீங்களே உருவாக்கிய ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்து அனுப்புங்கள். எடுத்துக்காட்டு இல்லாத கேள்விகளுக்கு இனிமேல் பதில் கிடையாது.