கம்பி ஒன்று, கம்பெனி பல: மின்துறை அமைச்சகத்துக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு கடிதம்

மத்திய மின்துறை அமைச்சகத்தின் பெருமதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

2025 அக்டோபரில் நீங்கள் வெளியிட்ட மின்சாரத் திருத்த மசோதாவின் வரைவைப் படித்துப் புல்லரித்துப்போனேன். 2003 சட்டத்தில் ஒரு தொல்லை இருந்தது: ஒரே ஊரில் இரண்டாவது ஆளாக மின்சாரம் விற்க வருபவர் சொந்தமாகக் கம்பி இழுக்க வேண்டும். இனி வேண்டாம், இருக்கிற கம்பியிலேயே வாடகை கொடுத்து ஓட்டிக்கொள்ளலாம் என்கிறீர்கள். செலவு பிடிக்கிற பாகத்தை எடுத்துவிட்டால் போட்டி எவ்வளவு சுகமானது!

அந்தக் கம்பியை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். எங்கள் பக்கத்துச் சந்துகளில் அது பிளாட்பாரத்துப் பில்லர் பாக்ஸிலிருந்து கிளம்புகிறது. பெட்டியின் மேல் டியூஷன் நோட்டீஸ், நிழலில் பூக்காரம்மா கூடை. அந்தப் பெட்டி வந்த காலத்தில் எதிரே இருந்தது ஒரு தனி வீடு. நாலு ஃபேன், ஒரு கிரைண்டர். இப்போது அங்கே ஸ்டில்ட்டும் நாலு மாடியும். 2019 கட்டட விதிகள் கட்டும் பரப்பைத் தாராளமாக்கின. ஃபிளாட்டுக்கு மூன்று ஏசி, கீழே மின்கார் சார்ஜர். பெட்டி மட்டும் அதே பெட்டி. புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மனு போடுகிற நாங்களே, அதை எங்கள் வாசலில் மட்டும் வைக்காதீர்கள் என்றும் கையெழுத்து போடுவோம். அது வேறு கதை.

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் ஏசிக்காரர் எந்தக் கம்பெனியிடம் வாங்கினாலும் கேபிளுக்குச் சூடு ஒன்றுதான். அந்தச் சூட்டைத் தாங்க, ஐந்து வருஷத்துக்கு அப்புறம் அடையாறு பகுதியில் எத்தனை லோடு வரும் என்று இன்றே கணக்குப் போட்டு, துணைமின் நிலையத்துக்கு இடம் தேட வேண்டும். வாடிக்கையாளர் இந்த வருஷம் இவரிடம், அடுத்த வருஷம் அவரிடம் என்றால், கடன் வாங்கிக் கேபிள் புதைக்கிறவர் எந்தத் தைரியத்தில் புதைப்பார்?

ஒரே கம்பியில் இரண்டு கம்பெனி என்பதை மும்பையில் நடத்திப் பார்த்தாயிற்று. 2008-ல் உச்ச நீதிமன்றம் டாட்டா நிறுவனம் வீடுகளுக்கும் விற்கலாம் என்றது. மக்கள் ஏற்கெனவே அங்கே விற்றுவந்த ரிலையன்ஸின் கம்பியிலேயே டாட்டா மின்சாரம் வாங்கினார்கள். பிறகு கம்பி வாடகைக்கும் குறுக்கு மானியக் கட்டணத்துக்கும் (பெரிய பில்காரர் சின்ன பில்காரருக்காகக் கொடுப்பது) மின்சார ஒழுங்குமுறை ஆணையம், தீர்ப்பாயம் என்று வருஷக்கணக்கில் வழக்கு. வக்கீல்களுக்கு மட்டும் பவர்கட்டே இல்லை.

இங்கே என்ன நடக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். விற்பனைப் பிரதிநிதிகள் நேரே தி.நகர் உஸ்மான் சாலைக்குப் போவார்கள். ஜவுளிக் கடைகளின் பில் அவ்வளவு அழகு. மீனவர்கள் வாழும் நொச்சிக்குப்பத்துக்கு ஒருவரும் வர மாட்டார்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்குகிற வீட்டில் டை கட்டியவருக்கு என்ன வேலை? கொழுத்த பில் கட்டுபவர் கிளம்பிவிட்டால், குப்பத்துக்கும் போகிற கேபிளின் பாரம் அரசு மின்வாரியமான ஈபி தலையில். கடைசியில் எங்கள் பில்லில்.

மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற தனியார் கம்பெனியிடமிருந்து மின்விநியோகத்தை 1947-ல் அரசு எடுத்துக்கொண்ட ஊர் இது. தனியார் என்றால் பயப்படுகிறவர்கள் அல்ல நாங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: ஒரு தெருவில் பத்து பேர் பில் போடட்டும், அந்தத் தெருவின் அடுத்த டிரான்ஸ்ஃபார்மரை எந்த வருஷத்தில், யார், யார் பணத்தில் வைப்பார்கள் என்று மூன்று வரி மசோதாவில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மீட்டர் ஒன்றே ஒன்று வைத்திருக்கும் மயிலாப்பூர்வாசி